இரண்டு சதுர மீட்டர்

இரண்டு சதுர மீட்டர் போதும் என்றது கடிதம்.
மீதிச் சுவரை மணல் பீய்ச்சிக் கழுவிக்கொள்ளலாம்.
எந்த இரண்டு என்று அதில் இல்லை.
அதைச் சொல்லத்தான்
மார்ச் மாதச் சேற்றில், பைன் காட்டுக்கு அப்பால்,
அளவு நாடாவும் கையுமாக
என்னை அனுப்பியது நினைவுச்சின்ன அலுவலகம்.

முதலில் இங்கே குதிரைகள்.
கைசரின் குதிரைகள், நானூற்றுப் பன்னிரண்டு.
கட்டுவதற்கு ஒன்றுமில்லாத இரும்பு வளையங்கள்
லாயத்துச் சுவரில் துருவைச் சொட்டுகின்றன.
பிறகு வந்தவர்கள் லாரிகளை நிறுத்தினார்கள்,
வாசலில் ஒரு கல் கழுகை உட்கார்த்தினார்கள்.
அதன் காலடியில் இருந்ததைக் கொத்தியெடுத்தது யார்?
கோப்பில் இல்லை.
எதையோ பிடித்திருந்த நகங்கள் மட்டும்
மடங்கியபடி மடங்கியிருக்கின்றன.

அதன்பின் நாற்பத்தொன்பது வருடம் சோவியத் படை.
எங்கள் பள்ளி வரைபடத்தில் இந்த இடம் வெறும் பச்சை.
ரொட்டிக் கடைக்காரியிலிருந்து பாதிரியார் வரை
எல்லோருக்கும் தெரிந்த,
யாரும் அறியாத பச்சை.
என் அப்பா வேலி இடுக்கில்
ஒரு கேன் பெட்ரோலுக்கு இரண்டு புட்டி கொடுப்பார்.
பெயர் கேட்டதில்லை. கை மட்டும்தான் தெரியும்,
அதுவும் கையுறைக்குள்.

கடைசி ரயிலில் அவர்கள் போனபோது
கதவு, ஜன்னல், குழாய், கழிவறைக் கோப்பை
எல்லாவற்றையும் கழற்றி ஏற்றிக்கொண்டார்கள்.
ஊர் சிரித்தது.
'எந்த வீட்டுக்குப் போகிறோம் என்று தெரியாதவன்
கதவையாவது கொண்டுபோவான்' என்றார் அப்பா.
அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருடம்
கூரையில் பிர்ச் மரங்கள்தான் குடியிருந்தன,
வாடகை இல்லாமல்.

இப்போது ஹென்னிங் க்ராட்ஸ்.
கட்டுமான நிறுவனத்தின் ஆள், நல்ல காலணி, நல்ல மனிதர்தான்.
நாற்பது பேர் தூங்கிய கூடத்தை
அகலமான ஜன்னலுள்ள இரண்டு வீடாக்குகிறார்.
லாயம் விலை கூடுதல்;
குதிரைக்கு உயரம் தேவைப்பட்டிருக்கிறது.
'முன்வாசலில் வைத்துக்கொள்வோம்,
கண்ணாடி போட்டு, கீழிருந்து விளக்கு' என்றார்.

முன்வாசலில் ஓர் எழுத்தும் இல்லை.
அதிகாரிகள் நடக்கும் இடத்தில் எவன் கிறுக்குவான்?
எல்லாம் பின்னால், வடக்குச் சுவரில்,
கொதிகலன் கொட்டகைக்கும் காட்டுக்கும் நடுவே
இராக்காவல் நின்றவர்களின் ஆணி முனையில்:
குல்யாப், 79–81.
வித்யா, கோமெல்.
ஒரு மீன். ஒரு கெட்ட வார்த்தை, இரண்டு எழுத்துப் பிழையோடு.
அப்புறம்
ஷமில். வீட்டுக்கு 100 நாள்.
அடுத்த செங்கலில் 99.
அடுத்ததில் 98.
வரிசை திரும்பி, கீழிறங்கி,
வளைந்து வளைந்து 61 வரை.

61-க்குப் பிறகு வெறும் செங்கல்.

மாற்றலா, காய்ச்சலா,
தெற்கே நடந்த சண்டைக்கு அனுப்பினார்களா,
அல்லது வெறுமனே சலித்துப்போய்
ஆணியைக் காட்டுக்குள் எறிந்தானா.
கோப்பில் இல்லை.

நாடாவைப் பிடித்துப் பார்த்தேன்.
இரண்டு சதுர மீட்டர் 68-இல் வெட்டியது.
அப்படி விட்டால்
அவன் வீடு போய்ச் சேர்ந்துவிட்டான் என்றே
யாரும் நினைத்துக்கொள்ளலாம்.
படிவத்தில் 2.9 என்று எழுதினேன்.
பன்னிரண்டு வருட வேலையில்
என் முதல் கள்ளக் கணக்கு.

'அந்த ஓரத்தில் ஒன்றுமே இல்லையே,
அதை எதற்கு விடுகிறீர்கள்?' என்றார் க்ராட்ஸ்.
'மேலும் இங்கே குப்பைத் தொட்டிகள் வருகின்றன.
யார் பார்க்கப் போகிறார்கள்?'
மை காயட்டும் என்று
படிவத்தை ஊதிக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் ஒரு மாலை அந்தப் பக்கம் போனேன்.
கருப்பு, மஞ்சள், நீலம், மூன்று தொட்டிகள்.
கழுவிய செங்கல் சவரம் செய்த முகம்போல் சிவந்திருக்க
நடுவே ஒரு கறுத்த திட்டு.
வீட்டுச் செருப்போடு ஒரு பெண் வந்தாள்.
ஆளரவம் பட்டதும் தானே எரியும் விளக்கு
சுவர் முழுக்க விழுந்தது.
மீன் முள் நாறாமலிருக்கப் பைக்கு
இன்னொரு முடிச்சுப் போட்டாள்,
மூடியைத் தட்டினாள், போனாள்.
விளக்கு இன்னும் கொஞ்ச நேரம் நின்றது,
62, 61,
பிறகு அணைந்தது.